பல்லைப் பார்த்தவர்கள் தாடையைப் பார்க்கவில்லை

என் மனைவியின் தாடை எலும்புக்குள் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து விழுந்திருந்தது. அதை முதலில் கண்டுபிடித்தவன் நான். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவன். சுவர் நிறையச் சான்றிதழ் மாட்டி வைத்திருந்த ஒரு பல் டாக்டர், மூன்று வருடம் அவளுடைய எக்ஸ்ரே படங்களைக் கையில் வாங்கி வாங்கிக் கொடுத்தும் பார்க்காத ஒன்றை, நான் ஒரு காலையில் என் கம்பெனியில் துணி பார்க்கிற மேசையில் வைத்துப் பார்த்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்கும்தான் சொல்கிறேன். ஆனால் பெருமையைவிடக் கோபம் பெரிதாக இருக்கிறது.

வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வயதில் கைமடி வேலைக்குப் போனவன். டெய்லர் தைத்துத் தள்ளுகிற துண்டை எடுத்து மடித்து அடுக்குவதுதான் கைமடி. அங்கிருந்து செக்கிங், செக்கிங்கிலிருந்து கட்டிங் என்று ஒவ்வொரு மேசையாக ஏறி வந்தேன். யாரும் கையைப் பிடித்து ஏற்றிவிடவில்லை. இன்றைக்கும் ஒரு ரோல் துணி வந்து இறங்கினால் முதலில் என் கண்தான் அதன்மேல் விழ வேண்டும். ஊசி உடைந்து விழுந்த ஓட்டை எது, நூல் அறுந்து விழுந்தது எது, சாயப்பட்டறையில் எதிலோ மாட்டிக் கிழிந்தது எது என்று ஓட்டையின் ஓரத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். காதர்பேட்டையில் என் சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் எடுத்துப் போகிற வடநாட்டு வியாபாரிகள் இருக்கிறார்கள். என் மனைவியும் செக்கிங் மேசையில் நின்றவள்தான். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் ஒரே கம்பெனிக்குத்தான் வேலைக்குப் போனோம்.

அவளுக்கு இடது பக்கம் கீழ்க் கடைவாயில் வலி வந்தது. முதலில் நான் கிராம்பு வைத்துக்கொள்ளச் சொன்னேன். அதை அவள் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். சொல்லட்டும். வலி நிற்கவில்லை என்றதும் ஊரிலேயே பெரிய பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஏ.சி., மீன் தொட்டி, காலடியில் வழுக்குகிற தரை. அந்த டாக்டர், பக்கத்து ஸ்கேன் சென்டரில் வாய் முழுக்கத் தெரிகிற எக்ஸ்ரே ஒன்று எடுத்து வரச் சொன்னார். இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை பல்லும் தாடையும் ஒரே நீளத்தில் விரித்துப் போட்ட மாதிரி இருக்கும் அந்தப் படம். டாக்டர் அதை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். "இந்தப் பல்லு வேர் கெட்டிருக்குங்கம்மா" என்றார். வேரைச் சுத்தம் செய்து, மேலே தொப்பி மாட்டினார். படத்தை உறையில் போட்டு எங்களிடமே கொடுத்துவிட்டார். பீரோவில், துணிக்கு அடியில் வைத்தேன்.

ஏழெட்டு மாதத்தில் வலி திரும்பி வந்தது. தொப்பியைக் கழற்றி மறுபடியும் வேரைக் குடைந்தார். அப்புறம் அந்தப் பல்லையே பிடுங்கினார். அடுத்த வருடம் பக்கத்துப் பல். அதையும் பிடுங்கினார். பிடுங்கின இடம் ஆறவே இல்லை.

"ஏனுங்க, வாயில என்னமோ உப்புத் தண்ணி ஊறுதுங்க. காலையில எந்திரிச்சா ஒரு கெட்ட வாடை" என்று என் மனைவி சொன்னாள்.

அதை டாக்டரிடமும் சொன்னோம். "வயசானா அப்படித்தாங்கம்மா. வாயக் கொப்புளிக்க ஒரு மருந்து தர்றேன்" என்றார். புதிதாக இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். அந்தப் படத்தையும் ஜன்னல் பக்கம் தூக்கினார். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். தூக்கினார், இறக்கினார். அவ்வளவுதான். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்கூட இல்லை.

"மூணாவது பல்லும் போயிருச்சுங்க. எடுத்துரலாம்."

எனக்கு அங்கேயே சுரீர் என்று ஏறியது. என் கம்பெனியில் குழந்தைக்குப் போடுகிற ஜட்டியைக்கூட அதைவிட அதிக நேரம் பார்ப்பார்கள். எங்கள் செக்கிங்கில் ஒரு சட்டம் உண்டு. யாராவது ஒரு கறையைக் காட்டிப் பீஸைத் திருப்பி அனுப்பினால், கறையைப் பார்த்ததோடு நிறுத்தக் கூடாது. கழுத்தில் தொடங்கித் தோள், கை, பக்கத் தையல், அடி மடிப்பு என்று ஒரு சுற்று முழுவதும் வந்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். கறை பெரிதாகக் கண்ணை இழுத்துவிடும். அதன் பக்கத்திலேயே அறுந்த தையல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இது தெரியாத பெண்ணை நான் செக்கிங் மேசையில் நிறுத்துவதில்லை.

"இன்னிக்கு வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டுப் படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, மனைவியைக் காரில் ஏற்றி நேரே கம்பெனிக்கு வந்தேன்.

துணி பார்க்கிற மெஷினில் ஒரு பால் கண்ணாடி உண்டு. அடியில் டியூப் லைட் எரியும். ஓட்டை இருந்தால் வெளிச்சம் பொத்துக்கொண்டு வரும். ஓடிக்கொண்டிருந்த ரோலை நிறுத்தச் சொல்லிவிட்டு, என் மனைவியின் வாயை அந்தக் கண்ணாடியில் விரித்து வைத்தேன். செக்கிங் பெண்கள் நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"மொதலாளி, இது ஆருங்க? அக்காவுங்களா?" என்றாள் மூத்தவள்.

"அக்காதான். உள்ளார பாரு, எப்படிச் சிரிக்கிறான்னு."

"ஆமா, உங்க மூஞ்சியப் பாத்துப் பாத்து உள்ளார இருக்கற எலும்புகூடச் சிரிக்குது" என்றாள் என் மனைவி. ஒரு துணி ரோலின்மேல் உட்கார்ந்திருந்தாள். வலியிலும் அவளுக்கு வாய் குறையாது.

எனக்கு அந்தப் படத்தில் எது எலும்பு, எது நிழல் என்றெல்லாம் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். மனுசன் உடம்பும் பனியன் மாதிரிதான், இடமும் வலமும் ஒன்றாக இருக்க வேண்டும். பனியனை எப்படிப் பார்ப்போம்? நடுவில் மடித்து, தோளோடு தோள், பக்கத்தோடு பக்கம் வைத்து, எது மிஞ்சுகிறது எது குறைகிறது என்று பார்ப்போம். கை தானாகப் போய்விட்டது. படத்தை நடுப் பல்லில் பிடித்து, நகத்தால் நீவி, இரண்டாக மடித்தேன். சடக் என்று ஒரு சத்தம்.

"அய்யோ, ஏனுங்க! அது என்ன துணியா?" என்று என் மனைவி எழுந்தே விட்டாள்.

துணியோ இல்லையோ, மடித்ததில்தான் விசயம் தெரிந்தது. பல் வரிசை ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தது. தாடை காதை நோக்கி மேலே திரும்புகிற மூலையில் மட்டும் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை. ஒரு பக்கத்து மூலையில் சாம்பல் நிறத்தில் எலும்பு. இன்னொரு பக்கத்து மூலையில் மாங்கொட்டை மாதிரி நீளமாக ஒரு கருப்பு. அதைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு. விரித்துப் பார்த்தேன். கருப்பு இருந்தது இடது பக்கம். பல் பிடுங்கின அதே பக்கம், பல்லுக்குப் பின்னால். நான்தான் முதலில் பார்த்தேன். ரோலின்மேல் உட்கார்ந்தபடியே தான்தான் பார்த்ததாக என் மனைவி சொல்வாள். அதை விடுங்கள்.

அன்றைக்கே திரும்பி அந்த டாக்டரிடம் போய் மூலையைக் காட்டினேன். அவர் படத்தைக் கையில்கூட வாங்கவில்லை.

"அது தொண்டையில இருக்கற காத்தோட நிழலுங்க. படத்துல அப்படித்தான் விழும். நீங்க பனியனப் பாருங்க, பல்ல நான் பாத்துக்கறேன்."

"காத்து ஒரு பக்கந்தான் வீசுமுங்களா டாக்டர்?"

வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிடச் சொல்லிவிட்டார்.

மறுநாள் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். அங்கே முதலில் பார்த்தது ஒரு சின்ன டாக்டர். படத்தை லைட் பெட்டியில் மாட்டினவர், முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். கதவைச் சாத்தினார். உள்ளே நடந்ததை என் மனைவி பிற்பாடு சொன்னாள்.

"கீழ விழுந்தீங்களாம்மா?"

"இல்லீங்க சாமி."

"முன்தாடையில நேரா ஒரு விரிசல் மாதிரி தெரியுது. பயப்படாமச் சொல்லுங்க. யாராச்சும் அடிச்சாங்களா?"

"ஆரு, இவருங்களா? எறும்பு கடிச்சாலே ஊரக் கூட்டற ஆளுங்க இவரு."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு இது எதுவும் தெரியாது. போய் வந்த நர்சுகள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். நாற்பது வருடக் குடும்பத்தில் அவள்மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. அந்த அரை மணி நேரம் நான் பெண்டாட்டியின் தாடையை உடைத்தவனாக அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு அம்மா வந்தார். எக்ஸ்ரே படம் படிப்பதற்கென்றே தனியாகப் படித்த டாக்டர். அப்படி ஒரு படிப்பு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தெற்கத்திப் பேச்சு. படத்தைப் பெட்டியிலிருந்து உருவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, விரலால் நடுவில் தடவினார். என்னை உள்ளே கூப்பிட்டார்.

"யாரு சார் இத மடிச்சது?"

"நாந்தானுங்க."

"எதுக்கு மடிச்சிய?"

சொன்னேன். தோளோடு தோள், பக்கத்தோடு பக்கம். கேட்டுவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், சின்ன டாக்டருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"நல்லாப் பாத்துக்கோடே. இது எலும்பு விரிசல் இல்ல, படத்து விரிசல்" என்று அவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஆனா சார், நீங்க பாத்தது சரி. ரெண்டு பக்கத்தையும் ஒத்துப் பாக்கணும்னு நாங்க பிள்ளைகளுக்கு முதல் வருசமே சொல்லிக் குடுக்கோம். மடிக்கத்தான் சொல்லிக் குடுக்க மாட்டோம்."

புதிதாக ஒரு படம் எடுத்தார்கள். அந்த அம்மா அதைப் படித்த விதத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். இருட்டு அறை, கம்ப்யூட்டர் திரை. வலது காதுப் பக்க மூட்டில் தொடங்கினார். தாடையின் வெளி ஓரத்தை ஒட்டியே கீழே வந்து, முகவாயைச் சுற்றி, இடது காது வரை போனார். பிறகு எலும்புக்குள்ளே நரம்பு போகிற பாதை. பிறகு மேல் தாடை, மூக்குக்குப் பக்கத்தில் இருக்கிற காற்றறை. கடைசியில்தான் பல்லுக்கு வந்தார். பல் வலி என்று வந்தவளுக்குப் பல்லைக் கடைசியில் பார்க்கிறார்! கழுத்து, தோள், கை, பக்கத் தையல், அடி மடிப்பு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோசம் இல்லை, ஆத்திரம். இது ஒன்றும் யாருக்கும் தெரியாத வித்தை இல்லை. பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த மீன் தொட்டி டாக்டரும் இதைப் படித்துத்தானே வந்திருப்பார்?

முகவாய்க்குப் பக்கத்தில் இரண்டு புறமும் சின்னதாக உருண்டைக் கருப்பு தெரிந்தது. "இங்கயும் ஓட்டை இருக்குதுங்களே" என்றேன்.

"அது எல்லாருக்கும் உண்டு சார். நரம்பு வெளிய வார வழி."

"அப்ப அது காஜாங்க."

"காஜாவா?"

"பட்டனுக்குன்னு நாமளே போடற ஓட்டைங்க. டேமேஜ் கணக்குல வராது."

"அதேதான்" என்றார். இடது மூலைக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. எங்களிடம் இருந்த பழைய படங்களைக் கேட்டார். பீரோவிலிருந்து எடுத்துப் போயிருந்தேன். மூன்று வருடத்துக்கு முந்தின முதல் படத்தை லைட் பெட்டியில் மாட்டி, பேனா நுனியால் அதே மூலையைக் காட்டினார். கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கருப்பு. அன்றைக்கே இருந்திருக்கிறது. ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்த அன்றைக்கே.

"அப்ப அந்தப் பல்லு ரெண்டும்?" என்று என் மனைவி கேட்டாள்.

அந்த அம்மா பழைய படத்தில் அந்த இரண்டு பல்லின் வேர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இந்தப் படத்துல அந்த ரெண்டு பல்லுலயும் குத்தம் எதுவும் எனக்குத் தெரியலம்மா" என்றார்.

பிறகு விசயத்தை மறைக்காமல் சொன்னார். எலும்புக்குள்ளே ஒரு நீர்ப்பை வளர்ந்திருக்கிறது. இந்த வகை எலும்புக்குள்ளேயே நீளவாக்கில் அரித்துக்கொண்டு போகும். வெளியே வீக்கம் காட்டாது. அதனால்தான் கன்னம் கன்னம் மாதிரியே இருந்தது. ஓரத்தில் வெள்ளைக் கோடு ஒழுங்காக ஓடுவதால் மெதுவாக வளர்கிற சாது வகையாகத்தான் இருக்கும். கெட்டது என்றால் ஓரம் கந்தலாக இருந்திருக்கும். ஓரம் பேசும் என்பது எனக்குப் புதிதில்லை. ஆனாலும் படம் சொல்வது பாதிதான், சதையில் துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பித்தான் மீதி தெரியும் என்றார்.

"இப்ப என் கவல வேற சார். அடி ஓரத்துல எலும்பு அட்டை கனந்தான் மிச்சம். அது முறிஞ்சா அந்தப் பக்கத் தாடைய வெட்டி எடுத்துத் தகடு வைக்க வேண்டி வரும். ஆபரேசன் வரைக்கும் முறுக்கு, கடலை எதுவும் தொடக் கூடாது. கூழும் ரசஞ்சோறுந்தான்."

என் மனைவி தாடையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். "பாதி மூஞ்சி போயிருமுங்களா?" என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நாட்களில் நான் எங்கள் ஊர்ப் பல் டாக்டரிடம் போனேன். தனியாகத்தான் போனேன். டோக்கன் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். என் முறை வந்ததும் முதல் படத்தை அவர் மேசையில் வைத்து, "இந்த மூலையப் பாருங்க" என்றேன். இந்தத் தடவை பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். முகம் மாறியதை நான் கவனித்தேன். தெரிந்துவிட்டது அவருக்கு. ஆனால் வாயில் வந்தது இதுதான்:

"நீங்க பல்லு வலின்னு சொல்லிட்டுத்தான வந்தீங்க. பல்லக் காட்டுனீங்க, பல்லப் பாத்தேன்."

நான் அங்கே போட்ட சத்தத்துக்கு மீன் தொட்டியில் மீன்கூட அடங்கியிருக்கும். வலிக்கிற இடத்தைக் காட்டுவது நோயாளியின் வேலை. காட்டாத இடத்தையும் பார்ப்பது உங்கள் வேலை. வாய் முழுக்கப் படம் எடுக்கச் சொன்னது யார்? ஒரு பல்லைப் பார்க்க ஒரு பல்லின் படம் போதாதா? முழுப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு விரற்கடை இடத்தை மட்டும் பார்ப்பதற்கு அத்தனை வருடம் படிப்பு எதற்கு? எல்லாம் கேட்டேன். மன்னிப்பு என்று ஒரு சொல் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அந்தச் சொல் வந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். என் மனைவி கூழைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே கேட்டாள்.

"அவரு பாக்கல, செரி. மூணு வருசமா அந்தப் படம் நம்ம பீரோவுலதான இருந்துச்சு. ஊருல இருக்கற ஓட்டை எல்லாம் பாக்கற கண்ணு, அத ஏனுங்க ஒருக்காகூட எடுத்துப் பாக்கல?"

நான் சட்டையை மாற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டேன். அன்றைக்கு அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை.

பரிசோதனையில் கெட்டது இல்லை என்று வந்தது. ஆபரேசனில் பையை ஓட்டோடு உரித்து எடுத்தார்கள். ஆபரேசன் செய்த டாக்டர் வெளியே வந்து, அடி ஓரம் முறியவில்லை, தாடை தப்பிவிட்டது என்றார். அவர் காலில் விழப் போனேன். பிடித்து நிறுத்திவிட்டார். இது திரும்பி வருகிற வகை என்பதால் வருடம் தவறாமல் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

போன மாதம் முதல் வருடப் படம். அந்தத் தெற்கத்தி அம்மா வழக்கம்போல வலது மூட்டில் தொடங்கினார். நான் இடது மூலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவசரப்படுத்தினால் திட்டுவார். ஒரு சுற்று வந்து, அந்த மூலையில் நின்று, கிட்டப் போய்ப் பார்த்தார். "எலும்பு கட்டிக்கிட்டு வருது. ஓரத்துலருந்து உள்ள பாத்து வளருது, தெரியுதா சார்?" என்றார். தெரிந்தது. கருப்புக்குள் சாம்பல் நிறம் இறங்கியிருந்தது.

திரும்பி வரும்போது அவிநாசி தாண்டுகிற வரை நான்தான் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். மடித்துப் பார்த்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும், யாருக்கு வரும் இந்தக் கண்ணு என்று. அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "எனக்கு அந்த ரெண்டு பல்லு வேணுமுங்க" என்றாள்.

"அதுக்கென்ன புள்ள, இன்னுங் கொஞ்ச நாள்ல கட்டிக்கலாம்னு அந்தம்மா சொன்னாங்கல்ல. இருக்கறதுலயே ஒசத்தியாக் கட்டிரலாம்."

"கட்டற பல்லு இல்லீங்க. புடுங்குனாரே, அது. நல்லா இருந்த பல்லு."

எதற்கும் பதில் வைத்திருக்கிறவன் நான். வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன்.